வருத்தம் சார் வேலைக்கு எழுதிய கடிதம்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சான்றிதழ்களைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. ஆபீசில் எல்லோருக்கும் அவர் வருத்தம் சார். வாஷிங் மெஷின் செய்யும் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் இருபத்து மூன்று வருடம் உட்கார்ந்து, "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு மிகவும் வருந்துகிறோம்" என்று எழுதி எழுதியே தலை நரைத்த மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கேன்டீன்காரர்கூட, "வருத்தம் சாருக்குச் சக்கரை கம்மி" என்றுதான் காபியை நீட்டுவார். மனிதர் அதற்கும் சிரித்துக்கொள்வார். கோபம் என்கிற சாமானை அவரிடம் யாரும் பார்த்ததில்லை.

அந்தப் புகார்ப் பிரிவின் சுவரில் மூன்று விதிகள் ஒட்டியிருந்தன. எப்போதோ ஓய்வுபெற்றுப் போன மேனேஜர் தன் கைப்பட எழுதியவை. ஒன்று, தப்பு நம்முடையது என்றால் முதல் வரியிலேயே ஒத்துக்கொள். இரண்டு, நம் பொருளைப் புகழாதே. ஓடாத மெஷினை 'உலகத் தரம்' என்று எழுதினால் வாடிக்கையாளர் அந்த மெஷினையே தூக்கிக்கொண்டு நேரில் வந்து நிற்பார். மூன்று, முடியாது என்று சொல்ல வேண்டி வந்தால், அதற்கு முன்னால் எதிராளியைப் பற்றி உண்மையான நல்ல விஷயம் ஒன்றைச் சொல். அவர் எழுதிய கடிதத்திலிருந்தே அதை எடு. ஐஸ் வைக்காதே.

முதல் இரண்டும் பழகிவிடும். மூன்றாவதுதான் உயிரை வாங்கும். நாலு பக்கம் வண்டை வண்டையாகத் திட்டி எழுதியிருப்பவரிடம் என்ன நல்லதைக் கண்டுபிடிப்பது? வருத்தம் சார் கண்டுபிடிப்பார். திரும்பத் திரும்பப் படிப்பார், தேவைப்பட்டால் போன் போட்டு இரண்டு வார்த்தை பேசுவார், அப்புறம் எழுதுவார்: "மெஷின் எந்த நிமிடத்தில் நின்றது என்பதைக் குறித்து வைத்திருக்கிறீர்கள். எங்கள் மெக்கானிக்குகளே இதைச் செய்வதில்லை."

அவருக்குக் கல்யாணம் ஆனதே அந்த மூன்றாவது விதியால்தான். நர்சுகள் தங்கியிருந்த விடுதி ஒன்றிலிருந்து புகார் வந்தது. மெஷின் எட்டுப் பேருடைய வெள்ளை யூனிஃபார்மையும் நீலமாக்கிவிட்டதாம். புது மெஷின் கேட்டிருந்தார்கள். எட்டுப் பேருக்காக எழுதியிருந்த நர்ஸ், யார் யாருக்கு எத்தனை உடுப்பு, எந்த ஷிப்டு என்று கட்டம் போட்டு எழுதியிருந்தாள். வருத்தம் சார் பதில் போட்டார்: "தங்கள் சொந்த உடுப்பைப் பட்டியலின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அதைக் கவனித்தோம். புது மெஷின் தர இயலாததற்கு வருந்துகிறோம்." மெக்கானிக் போய்ச் சரிசெய்து நாலு நாள் கழித்து அந்த நர்ஸ் மறுபடியும் ஒரு கடிதம் எழுதினாள். அதில் புகார் எதுவும் இல்லை. அப்புறம் என்ன, காதும் காதும் வைத்த மாதிரி பதினோரு கடிதம் போய் வந்தது. பன்னிரண்டாவதுக்கு வேலையில்லாமல் போனது. இப்போது அவர்கள் மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் மண் விழுந்தது எட்டு மாதத்துக்கு முன்னால். கம்பெனி கை மாறியது. புதிதாக வந்தவர்கள் புகார்ப் பிரிவை மூடிவிட்டு ஒரு குரலை வாங்கி வைத்தார்கள். 'குறைகளுக்கு ஒன்றை அழுத்தவும்' என்று அது தேன் ஒழுகப் பேசும். யாரிடமும் வருந்தாது. வருத்தம் சார் தன் பேனா டப்பாவையும் சுவரிலிருந்து உரித்தெடுத்த மூன்று விதிகளையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு.

அதற்கடுத்த வாரமே அவர் மனைவி ஞாயிற்றுக்கிழமை டியூட்டியையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆறு நாள் வார்டில் நிற்கிற கால், ஏழாவது நாளும் நின்றது. குதிகாலில் ஊசி குத்துகிற மாதிரி வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் முதல் பத்து அடி, சுவரைப் பிடித்துக்கொண்டுதான். சாயங்காலம் வந்ததும் ஃப்ரிட்ஜில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் தரையில் போட்டு, அதன்மேல் பாதத்தை வைத்து முன்னும் பின்னும் உருட்டுவாள். அந்த 'கடகட' சத்தம் கேட்கும்போதெல்லாம் வருத்தம் சார் பக்கத்தில் வந்து நிற்பார்.

"டாக்டர் நிக்காதேன்னு சொன்னாரில்ல?" என்பார்.

"அவருக்கென்ன, உக்காந்துக்கிட்டு சொல்லுவாரு. நீங்க வேலைக்குப் போற அன்னைக்கு ஞாயித்துக்கிழமைய விட்டுடறேன். பத்து மணி வரைக்கும் தூங்கறேன், போதுமா?" என்று சிரிப்பாள். அவள் சிரிக்கச் சிரிக்க அவருக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும். ஆக, அவருடைய ஒரு கடிதத்துக்கும் அவள் குதிகாலுக்கும் நேரடிச் சம்பந்தம் இருந்தது.

கடிதம்தானே, இருபத்து மூன்று வருடம் அதைத்தானே எழுதினார் என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் வந்தது வினை. பயோடேட்டாவோடு ஒரு கவர் லெட்டர் வைக்க வேண்டும், அதில் உங்களைப் பற்றி நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும் என்றாள் மகள். சாப்பாட்டு மேசை ஒரு கால் ஆடும் என்பதால் ஜன்னலோரம் கிடந்த இஸ்திரி மேசையை உயரம் குறைத்து, ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்துத் தாளை நீட்டினார்.

'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பொன்னான நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மிகவும் வருந்துகிறேன். எனக்கு வயது நாற்பத்தெட்டு. கணினியில் இரண்டு விரலால் மட்டுமே தட்டச்சு செய்வேன். வலது காது சற்று மந்தம். இதனால் தங்களுக்கு ஏற்படக்கூடிய சிரமங்களை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்வது என் கடமை...'

மகள் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பா, இது வேலைக்கு அப்ளிகேஷனா, போலீஸ்ல குடுக்கற வாக்குமூலமா?"

"உண்மையத்தானே எழுதியிருக்கேன்?"

"காது மந்தம்னு யாராவது கேட்டாங்களா?"

"கேக்கறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடணும்மா. பின்னாடி தெரிஞ்சா கோவம் ரெண்டு மடங்காகும். அது அனுபவம்."

தலைகீழாக நின்றாலும் மனிதருக்கு வேறு மாதிரி வரவில்லை. ஒத்துக்கொள்வதற்கு வரும், புகழ்வதற்கு வராது. 'நான் திறமையாக' என்று ஆரம்பிப்பார், பேனா நின்றுவிடும். ஓடாத மெஷினுக்குப் பாலிஷ் போடுவதுபோலக் கூசும். அப்போது பார்த்து அவர் மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். இன்சூரன்ஸ் ஏஜென்ட். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, இவன் வாயால் நாலு குடும்பம் பிழைக்கும்.

"மாமா, உங்கள நீங்களேதான் விக்கணும். தள்ளுங்க, நான் எழுதறேன்" என்று பத்தே நிமிடத்தில் ஒரு கடிதத்தைத் தட்டிக் கொடுத்தான். 'சவால்களைத் தேடிச் சென்று சந்திப்பவன். இலக்குகளை நொறுக்கித் தள்ளுபவன். தலைமைப் பண்பு என் ரத்தத்தில் ஊறியது.'

வருத்தம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தார். "யாருப்பா இவன்? எனக்கே பயமா இருக்கு. இவன வேலைக்கு வச்சா மேசை நாற்காலிய நொறுக்கிடுவான் போலிருக்கே."

"மாமா, எல்லாரும் இப்படித்தான் எழுதறாங்க!"

"எழுதட்டும். நாளைக்கு நேர்ல போய் உக்காரப் போறது நான்ல?"

மச்சான் தலையிலடித்துக்கொண்டு போனான். பிறகு மகள் அந்த இரண்டையும் கலந்து, காதை எடுத்துவிட்டு, நொறுக்குவதையும் எடுத்துவிட்டு, சப்பென்று ஒன்று தயாரித்தாள். அதிலும் அவர், அவள் அந்தப் பக்கம் போன சமயம் பார்த்து, இரண்டு விரலால் காதைத் திரும்பச் சேர்த்துவிடுவார். இப்படியே நாற்பத்தொரு கடிதம் போயிற்று. எல்லாம் கிணற்றில் போட்ட கல். ஒருத்தராவது வேண்டாம் என்றாவது சொல்ல வேண்டுமே, அதுவும் இல்லை. கம்ப்யூட்டரைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருப்பார். பக்கத்தில் மனைவியின் பாட்டில் தரையில் உருளும்.

நாற்பத்திரண்டாவதுக்குப் பதில் வந்தது. மேசை, நாற்காலி, அலமாரி விற்கும் ஒரு பெரிய கடை. வாடிக்கையாளர் பிரிவில் எழுத்தர் வேலை. அவருக்கென்றே தைத்த சட்டை மாதிரியான வேலை, ஆகவே அந்தக் கடிதத்தை மட்டும் ஒன்பது முறை எழுதிப் பார்த்து அனுப்பியிருந்தார். பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணில் பட்டது. மனைவி டியூட்டிக்குப் போயிருந்தாள். மகள்தான் படித்துக் காட்டினாள்.

'அன்புள்ள செல்வி, உங்கள் விண்ணப்பம் மிகக் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. தேர்வு செய்யப்படவில்லை. இது தொடர்பாகப் பதில் அனுப்ப வேண்டாம்.'

அவ்வளவுதான். மகள் பயந்துகொண்டே திரும்பிப் பார்த்தாள். அப்பா நொந்துபோவார் என்று நினைத்தாள். ஐயோ, அந்த மனிதர் முகம் சிவந்து, மூக்கு விடைத்து, எழுந்து நின்றுவிட்டார். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பது சும்மாவா?

"செல்வியா? நாப்பத்தெட்டு வயசுன்னு முதல் வரியிலயே எழுதியிருக்கேன், செல்வியா? இதுல 'மிகக் கவனமாக' வேற!"

"விடுங்கப்பா, எல்லாருக்கும் ஒரே லெட்டர்தான் அனுப்புவாங்க."

"அதத்தான் சொல்றேன்! வேண்டாம்னு சொல்லட்டும்மா, அது அவங்க இஷ்டம். முடியாதுன்னு சொல்றதுக்கு ஒரு முறை இல்லையா? ஒரு மனுஷன் ஒம்போது தரம் எழுதி அனுப்பியிருக்கான், அதுல ஒரு வரியக்கூடவா படிக்க நேரமில்ல? எங்க ஆபீஸ்ல இப்படி ஒரு லெட்டர் வெளிய போயிருந்தா மேனேஜர் பேனாவப் புடுங்கி ஜன்னல் வழியா எறிஞ்சிருப்பார்!"

சொல்லிவிட்டு இஸ்திரி மேசைக்குப் போனார். தாளை எடுத்தார். அந்தக் கடை தனக்கு எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று எழுதிக் காட்டப் போகிறாராம். மாதிரிக் கடிதம். இதைப் பார்த்தாவது கற்றுக்கொள்ளட்டும் என்று.

முதல் விதிப்படி ஆரம்பித்தார்: 'தங்களைச் செல்வி என்று விளித்தது எங்கள் தவறு.' மூன்றாவது விதி வந்தது. விண்ணப்பித்தவரைப் பற்றி உண்மையான நல்லது ஒன்று, அவர் கடிதத்திலிருந்தே. வருத்தம் சார் பழக்க தோஷத்தில் விண்ணப்பத்தை எடுத்து, யாரோ முன்பின் தெரியாத ஆள் எழுதியதைப்போலப் படிக்க ஆரம்பித்தார். அடடா, என்ன மனிதன் இவன், முழுக்கக் குறையாகவே எழுதியிருக்கிறானே என்று முதலில் எரிச்சல்கூட வந்தது. ஆனால் புகார்க் கடிதங்களுக்குள் நல்லதைத் தோண்டியெடுத்த கண் அது. இரண்டாவது தரம் படிக்கும்போதே பேனா ஓடத் தொடங்கிவிட்டது.

'தங்கள் வலது காது மந்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். இருபத்து மூன்று வருடம் கோபத்தில் கத்துகிறவர்களின் போனை அந்தக் காதில்தான் வைத்திருந்தீர்கள் என்று ஊகிக்கிறோம். ஒருமுறைகூடத் தாங்கள் முதலில் போனை வைத்ததில்லை.

இரண்டு விரலால் தட்டச்சு செய்வதாகச் சொல்கிறீர்கள். அந்த இரண்டு விரலால் பதினோராயிரம் பேருக்குப் பதில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றுகூட இன்னொன்றின் நகல் இல்லை. மெஷினைத் திருப்பிக் கொடுத்த வாடிக்கையாளர் ஒருவர், கடிதத்தை மட்டும் திருப்பித் தர மாட்டேன் என்று வைத்துக்கொண்டாராம்.

வேலை கேட்கும் கடிதத்தில் தன் குறைகளை முதலில் சொல்கிறவரை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை. தாங்கள் எங்கள் வாடிக்கையாளரிடம் பொய் சொல்ல மாட்டீர்கள் என்று இதிலிருந்து தெரிகிறது. இவ்வளவு இருந்தும் தங்களை எடுத்துக்கொள்ள இயலாததற்கு மிகவும் வருந்துகிறோம். நஷ்டம் எங்களுக்கே.'

எழுதி முடித்ததும் கோபம் வடிந்துவிட்டது. கூச்சம் வந்து உட்கார்ந்துகொண்டது. சீச்சீ, என்ன காரியம் செய்தோம் என்று தாளை மடித்து இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் செருகிவிட்டுச் சமையலைக் கவனிக்கப் போனார்.

சாயங்காலம் மனைவி வந்தாள். மறுநாள் யூனிஃபார்மைத் தேய்க்கலாம் என்று பெட்டியைத் தூக்கியவள் தாளைப் பார்த்தாள். நின்றபடியே படித்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து மறுபடியும் படித்தாள். வருத்தம் சார் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றார்.

"சும்மா... கோவத்துல கிறுக்கினது. குடு, கிழிச்சுப் போட்டுடறேன்."

"கை வச்சுப் பாருங்க!" என்றாள் அவள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "எட்டு மாசமா இந்த ஆள எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? எனக்கு வந்த முதல் லெட்டரும் முடியாதுன்னுதானே வந்துச்சு? அந்த முடியாதுக்குத்தானே நான் திரும்ப எழுதினேன்? இதத்தான் அனுப்பணும்."

"ஏம்மா, திமிர் புடிச்சவன்னு நெனப்பாங்க."

"நெனக்கட்டுமே. செல்வின்னு நெனச்சதுக்கு இது தேவலாம்."

மகள் வந்து தாளைப் போட்டோ பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். மேலே ஒரு வரி எழுதினார் வருத்தம் சார்: 'இனி வேண்டாம் என்று எழுதும்போது இப்படி எழுதினால் நன்றாக இருக்கும்.' அத்தோடு விட்டாரா? விரல் தானாக அடுத்த வரிக்குப் போனது. 'பதில் அனுப்ப வேண்டாம் என்று சொல்லியும் அனுப்புவதற்கு...' என்று தொடங்குவதற்குள் மனைவி தன் உள்ளங்கையை விசைப்பலகை மேல் அகலமாக வைத்து மூடிவிட்டாள்.

"ஒரு வருத்தமும் வேணாம். அனுப்புங்க."

அனுப்பினார். அன்று ராத்திரி அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒன்பதாவது நாள் போன் வந்தது. இடது காதில் வைத்துக்கொண்டார். அந்தக் கடையின் ஆள் எடுக்கும் பிரிவுக்குத் தலைவி. குரலைக் கேட்டால் சின்ன வயசுதான் என்று தோன்றியது.

"சார், அந்த செல்வி லெட்டர் அனுப்பினது நான்தான். நீங்க கேட்ட வேலைக்கு வேற ஆள் எடுத்தாச்சு, அதுல மாத்தமில்ல. ஆனா அதே லெட்டர் நூத்தி எழுபத்தாறு பேருக்குப் போயிருக்கு. பாதிப் பேர் திட்டி எழுதியிருக்காங்க. திருத்தி அனுப்பினது நீங்க ஒருத்தர்தான். நேர்ல வர முடியுமா?"

போனார். மச்சான் கொடுத்த டையை வழியிலேயே கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். கண்ணாடி அறை, புது நாற்காலி வாசனை. அந்தப் பெண் ஒரு தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டாள். "உங்க குறைகள் என்னன்னு சொல்ல முடியுமா?"

வருத்தம் சார் முகம் மலர்ந்துவிட்டது. "எவ்வளவு நேரம் மேடம் இருக்கு?" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். அஞ்சு நிமிடம் கழித்து அவளே சிரித்துக்கொண்டு கையமர்த்தினாள்.

"சரி சார், போதும். உங்க பலம்?"

முன்னால் இழுத்த நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அது லெட்டர்ல இருக்கு மேடம். நீங்க எனக்கு எழுதின லெட்டர்ல."

வேலை கிடைத்தது. முதலில் மூன்று மாதம் பார்ப்பார்கள். மற்ற நூற்று எழுபத்தைந்து பேருக்கும் ஒழுங்காக ஒரு 'முடியாது' எழுதுவது முதல் வேலை. அது முடிந்ததும் கால் ஒடிந்த நாற்காலிக்காரர்களின் புகார்கள். ஒரு நாளைக்குப் பத்துக் கடிதத்துக்கு மேல் போகமாட்டேன் என்கிறார், ஒவ்வொருத்தர் விண்ணப்பத்தையும் இரண்டு தரம் படிக்கிறார் என்று அந்தப் பெண் அலுத்துக்கொள்கிறாளாம். அலுத்துக்கொள்ளட்டும்.

முதல் வாரம் முடிந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவி பாட்டிலை உருட்டிக்கொண்டே சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை லிஸ்ட்லேர்ந்து பேர எடுக்கணும்னா மேட்ரனுக்கு எழுத்துல குடுக்கணுமாம். நீங்களே எழுதிடுங்க, நான் கையெழுத்துப் போட்டுக்கறேன். அந்தம்மா கொஞ்சம் கோவக்காரங்க, பாத்துப் பதமா எழுதுங்க."

வருத்தம் சார் இஸ்திரி மேசைக்குப் போனார். இரண்டே நிமிடத்தில் எழுந்து வந்து தாளை அவள் மடியில் வைத்தார்.

'மதிப்பிற்குரிய அம்மா, எட்டு மாதமாக ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறாமல் வந்தேன். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் வர மாட்டேன்.'

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கமும் ஒன்றும் இல்லை. "என்னங்க இது, ரெண்டே வரி? 'வருந்துகிறேன்' எங்க? உங்க கைல எழுதி அது இல்லாம ஒரு லெட்டரா?"

வருத்தம் சார் தரையில் உட்கார்ந்து, அவள் பாதத்துக்கு அடியில் இருந்த பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்தார்.

"எனக்கு இதுல ஒரு வருத்தமும் இல்ல" என்றார். "கையெழுத்தப் போடு."